கன்போட்டுக்குச் சப்பாத்துக் கழற்றுவதோ

1. முதல் நாள் வாங்கிய ஏச்சு

வேலைக்குப் போன முதல் நாளே ஏச்சு வாங்கியவன் நான். காரணம், என் சப்பாத்து.

துன் ஏரிக்கரையில், பெடலோ வாடகைக்கு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய படகுக் கொட்டகை உண்டு. பெடலோ என்றால் காலால் மிதித்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு. கோடையில் பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் ஓட்டியிருப்பீர்கள். அந்தக் கொட்டகையில் சுவிஸ் இராணுவத்தின் இரண்டு பழைய போர்ப்படகுகள் இருக்கின்றன. முன்பு எல்லை ஏரிகளில் ரோந்து போனவை. இராணுவம் கழித்துவிட்டபோது, அவற்றில் வேலை செய்தவர்கள் ஒரு சங்கம் அமைத்து, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து மியூசியமாக்கிவிட்டார்கள். ஒன்று தரையில், மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. மற்றது தண்ணீரில், படகு கட்டுவதற்காக ஏரிக்குள் நீளும் மரப்பாலத்தோடு கட்டியபடி.

கடல் இல்லாத நாட்டில் போர்க்கப்பலா என்று சிரிக்காத தமிழரை நான் இதுவரை கண்டதில்லை. நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான்.

அதற்கு முன் துன்னில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டிபானை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு சூப் காய்ச்சி, முழங்கால் இரண்டும் போய்விட்ட நிலையில் இருந்தேன். கொட்டகைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பொறுப்பாக இருந்தவர் கெர்பர். நெட்டையான மனிதர். இளவயதில் இராணுவச் சேவைக்குப் போனபோது அந்தத் தண்ணீரில் நிற்கும் படகிலேயே இருந்தவர். அவர் பேசுவது பேர்ன் ஜெர்மன். நான் எங்கட பேச்சில் தருகிறேன்.

"போர்க்கப்பல் அனுபவம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா உள்ளுக்க இருந்து இல்லை" என்றேன்.

பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வேலை கிடைத்தது அந்தச் சிரிப்பால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் நாள் காலையில் தண்ணீர்ப் படகில் ஏறச் சொன்னார். நான் பாலத்தில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி உள்ளே திணித்து, ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன். யோசித்துச் செய்யவில்லை. ஊரில் வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவனுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. வள்ளம் சோறு போடுவது. அதில் செருப்போடு ஏறினால் அப்பரிடம் அடி விழும்.

"சிவா, என்ன செய்யிறாய்? இது கோயில் இல்லை!" என்று கெர்பர் கத்தினார். "சப்பாத்தைப் போடு. இரும்பு காலை வெட்டினால் இன்சூரன்ஸ்காரனுக்கு நான் தான் பதில் சொல்ல வேணும்."

போட்டுக்கொண்டேன். ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் கழற்றிவிடுவேன். கொஞ்ச நாளில் அவருக்கும் அலுத்துவிட்டது. பார்வையாளர் இல்லாத நேரம் நான் வெறுங்காலோடு திரிந்தால் காணாதவர் மாதிரிப் போவார்.

2. சுடாத கன்போட்

வேலை கிடைத்த அன்று வீட்டுக்குப் போய், "கன்போட் கழுவுற வேலை" என்று மனுசியிடம் சொன்னேன். அடுப்பில் கறி கிளறிக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கென்ன விசரே?"

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கன்போட் என்ற சொல் தெரிந்திருக்காது. எங்கள் கரையில் பீரங்கியோடு வரும் கடற்படை ரோந்துப் படகு எதுவென்றாலும் கன்போட்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் கரையில் நிற்பவன் ஓடுவான், கடலில் நிற்பவன் வலையை வெட்டிவிட்டு வருவான். அதைச் சம்பளத்துக்குக் கழுவப்போகிறேன் என்றால் அவள் வேறு எப்படிக் கேட்பாள்?

"இது சுடாத கன்போட்" என்றேன்.

"சுடாட்டியும் கன்போட் கன்போட் தானே" என்றாள். கடைசிவரைக்கும் அவள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

சுடாதது என்று நான் வீம்புக்குச் சொல்லவில்லை. பார்வையாளர்களுக்குக் கெர்பர் சொல்லும் விளக்கத்தில் ஒரு வசனம் வரும்: "இந்தப் படகு ஒருநாளும் ஒரு மனிதனை நோக்கிச் சுட்டதில்லை." அந்த வசனத்தை நம்பித்தான் என்னால் அதன் மேல் கை வைக்க முடிந்தது. துருச் சுரண்டுவது, சாம்பல் நிறப் பெயின்ட் அடிப்பது, மாரியில் தார்ப்பாய் கட்டுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை ஏற்றி இறக்குவது. வேலை இவ்வளவுதான். மெஷின்கன் இருக்கும் மேல்தட்டுக்கு மட்டும் ஒருவரையும் விடுவதில்லை. ஏணிக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. சுடும் பகுதியை எப்போதோ அடைத்துவிட்டார்கள் என்றாலும் ஏணி செங்குத்து. விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

சங்கிலிக்கு முன்னால் நின்று கெர்பர் இன்னொரு வசனமும் சொல்லுவார். மேலே கையைக் காட்டி, பெருமையாகச் சொல்லுவார்: "அங்க நிண்டால் ஏரி முழுக்கத் தெரியும்." எத்தனையோ தரம் அதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

3. லாங்கன்தாலில் இருந்து வந்தவர்

நான் பென்ஷனுக்குப் போவதற்கு முந்தின கோடையில் ஒரு பிள்ளை போன் எடுத்தாள். யாழினி என்று பெயர். லாங்கன்தாலில் இருக்கிறார்கள்.

"அங்கிள், அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுபது முடியுது. அவர் ஊரில கடற்தொழில் செய்தவர். இஞ்ச வந்து ஃபப்ரிக்கில மெஷினோட நிண்டே காலம் போயிட்டுது. போட் எண்டால் விருப்பமா இருக்கும். தமிழில விளங்கப்படுத்த ஆள் இருக்கெண்டு சொன்னவை."

வரச்சொன்னேன். எனக்குச் சந்தோசத்தில் புளுகம் வேறு. எங்கட ஆட்கள் அங்கே வருவதே அருமை.

அப்பாவும் மகளும் சின்னப் பேத்தியுமாக வந்தார்கள். அப்பாவின் பெயர் மகாலிங்கம். இஸ்திரி போட்ட சேர்ட், புதுச் சப்பாத்து. பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். தமிழர்கள் வருகிறார்கள் என்ற குஷியில் நான் என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படகில் நின்று கை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"தம்பி, உம்மட சப்பாத்து எங்க?"

"கழட்டிட்டன் அண்ணை. நானும் கரைதான். பழக்கம் விடாதே."

"கன்போட்டுக்கோ?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"வள்ளத்துக்குக் கழட்டுவன்" என்றார் அவர். "இதுக்கு நான் கழட்டமாட்டன்." சப்பாத்தோடு ஏறினார். இரும்புத் தட்டில் சத்தம் கேட்க மிதித்து ஏறினார்.

யாழினி இதைக் கவனிக்கவில்லை. படகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பேத்திக்குப் படகு அலுத்துவிட்டது. பக்கத்தில் பெடலோக்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்கு இரும்பில் மனம் நிற்கும்? "அப்பா, நீங்க அங்கிளோட ஆறுதலாப் பாருங்கோ, நாங்கள் ஒரு சுத்துச் சுத்தியிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு யாழினி பிள்ளையோடு இறங்கிப்போனாள்.

நான் என்ஜின் காட்டினேன். சுக்கான் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. சங்கிலிக்கு முன்னால் போய் நின்று மேலே பார்த்தார்.

"அதில ஏறிப் பாக்கலாமோ?"

"இல்லை அண்ணை. விடமாட்டினம்."

"ஒருக்கால் மட்டும். எனக்கு ஒரு விசயம் பாக்க வேணும்."

என்ன விசயம் என்று கேட்டேன். அவர் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நானும் என்ர தம்பியும் வலை இழுத்துக்கொண்டு நிண்டனாங்கள். விடிஞ்சு வெய்யிலும் வந்திட்டுது. கன்போட் வந்து, அந்தா தெரியுதே மஞ்சள் மிதவை, அவ்வளவு தூரத்தில நிண்டுது. ஓட ஏலாது. தம்பி சொன்னான், 'அண்ணை, மீன்பிடிகாரர் எண்டு காட்டுவம்' எண்டு. எழும்பி நிண்டு, உடுத்திருந்த சிவத்தச் சாரத்தைக் கழட்டி ரெண்டு கையாலயும் ஆட்டினவன். எனக்கு முன்னால சாரம் கழட்டின வெக்கத்தில சிரிச்சுக்கொண்டுதான் ஆட்டினவன். விழேக்கையும் சாரம் கையில இருந்தது."

நான் அந்த மஞ்சள் மிதவையைப் பார்த்தேன்.

"அம்மா கேட்டா, 'அவங்களுக்குத் தெரியேல்லையோ?' எண்டு. நான் சொன்னன், 'ஓமம்மா, வெய்யில் கண்ணில பட்டிருக்கும். தெரியாமச் சுட்டுப்போட்டாங்கள்' எண்டு. சாகுமட்டும் அம்மா வாறவை போறவைக்கெல்லாம் அதைத்தான் சொன்னவ. தெரியாமச் சுட்டவங்களாம் எண்டு. அவவுக்கு அது ஒரு ஆறுதல். பிறகு எனக்கும் அதுதான் ஆறுதலாப் போச்சுது."

சங்கிலியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அதில நிண்டு பாத்தால் தெரியுமோ, தெரியாதோ? அதைத்தான் பாக்க வேணும்."

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பெயின்ட் அடிக்க எத்தனை தரம் மேலே ஏறியிருப்பேன்! ஆனால் இத்தனை வருசம் ஒரு மனிதன் பிடித்துக்கொண்டு நின்ற கயிற்றை நான் எப்படி அறுப்பது? சங்கிலி நல்லது, இன்சூரன்ஸ் நல்லது, சட்டம் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். "விடமாட்டினம் அண்ணை" என்று இன்னொரு தரம் சொன்னேன்.

4. ஸேயன், விஸ்ஸன்

அப்போது பார்த்துக் கெர்பர் வந்தார். அண்ணைக்குக் கை கொடுத்தார். என்ன பிரச்சினை என்று என்னைக் கேட்டார்.

"மேல ஏறிப் பாக்க ஆசைப்படுறார். ஊரில மீன்பிடிகாரர்" என்றேன். அவர் மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் சொன்னேன்.

கெர்பரின் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணிக்காரரோ? அப்ப எங்கட ஆள்!" என்று தானே சங்கிலியைக் கழற்றினார். முன்னுக்கு அவர், நடுவில் அண்ணை, பின்னால் பிடித்துக்கொள்ள நான். என் முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே ஏறியது.

மேலே நின்றால் காற்று அடிக்கும். மலைகள் எல்லாம் தெரியும். அண்ணை மலைகளைப் பார்க்கவில்லை. மஞ்சள் மிதவையைப் பார்த்தார்.

"கேளும் தம்பி" என்றார். "அந்த மிதவையடியில ஒரு படகு நிண்டால், அதில இருக்கிற ஆள் தெரியுமோ எண்டு."

கேட்டேன். வேறு என்ன செய்ய?

கெர்பருக்கு அதைவிடச் சந்தோசமான கேள்வி கிடையாது. மெஷின்கன்னில் கையை வைத்துக்கொண்டு, இருபது வயதுப் பெடியன் மாதிரி நிமிர்ந்து நின்றார். "மிதவையோ? அது பக்கம்! நான் இந்த இடத்தில தான் நிக்கிறனான். மீன்பிடிகாரன் வாயில பைப் வைச்சிருக்கிறானோ சிகரெட் வைச்சிருக்கிறானோ எண்டு சொல்லுவன். வெறுங்கண்ணால. பைனாகுலர் வேற தந்தவை."

"வெய்யில் கண்ணில பட்டால்?" இதை அண்ணையே, ஃபப்ரிக்கில் பழகிய அரைகுறை ஜெர்மனில் கேட்டார்.

"அதுக்குக் கண்ணாடி இருக்கு. வெய்யில் எண்டு சொல்லித் தப்ப ஏலாது. ஆர் நிக்கிறான் எண்டு பாக்கிறதுதானே வேலை!"

கெர்பர் சிரித்தார். நான் அண்ணையின் பக்கம் திரும்பினேன். மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை.

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றார் அண்ணை. "விளங்கிட்டுது."

அப்போதுதான் அந்தப் பெடலோ மிதவைக்குப் பக்கத்தில் வந்தது. யாழினி எங்களைக் கண்டுவிட்டாள். எழுந்து நின்றாள். பெடலோ ஆட, பேத்தி கீச்சிட்டுச் சிரித்தாள். கைகாட்டினது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, இடுப்பில் கட்டியிருந்த சிவத்த ஜாக்கெட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து ஆட்டினாள்.

அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

"தெரியுது" என்றார். பிறகு, "சிரிக்கிறதும் தெரியுது" என்றார்.

கெர்பர் என் தோளைத் தட்டி, "என்னவாம்?" என்று கேட்டார்.

ஜெர்மனில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கண்ணால் காண்பதற்கு ஸேயன். மனதால் அறிவதற்கு விஸ்ஸன். மொழிவகுப்பில் இரண்டையும் குழப்பி எத்தனை தரம் பேச்சு வாங்கியிருப்பேன். எங்கட பேச்சில் 'தெரியும்' என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். "தெரியாமச் சுட்டவங்கள்" என்று அந்தத் தாய் சொன்னபோது எந்தத் தெரியாமல்? காணாமலா, அறியாமலா? தமிழில் சொன்னபடியால் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் அவர்கள் எல்லோரும் இவ்வளவு காலம் இருந்துவிட்டார்கள்.

"மகளைக் காண்கிறாராம்" என்று ஸேயன் போட்டுச் சொன்னேன். மற்றச் சொல்லைச் சொல்லவில்லை. கெர்பர் சந்தோசமாகப் பெடலோவைப் பார்த்துக் கை அசைத்தார்.

"அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்றார் அண்ணை, எனக்கு மட்டும் கேட்க.

"நீங்கள் தெரியாமச் சொன்னது அண்ணை, அது பொய் இல்லை."

என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "தெரியாமலோ?" என்றார். "மனசுக்கு அப்பவே தெரியும் தம்பி. கண்ணுக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

ஏணியால் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

5. பெடலோ

பாலத்தடிக்கு வந்தபோது யாழினி பெடலோவைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தாள். "அப்பா, எங்களைத் தெரிஞ்சதோ?" என்று தூரத்திலேயே கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நல்லாத் தெரிஞ்சுது."

"நீங்களும் வாங்கோவன். இன்னும் நேரம் இருக்கு."

மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பாலத்தில் குந்தினார். புதுச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். ஒரு சப்பாத்து, மற்றச் சப்பாத்து. காலுறைகளை மடித்து உள்ளே வைத்தார். நீலப் பிளாஸ்டிக்கும் சறுக்குமரமுமாக, வாடகை நம்பர் எழுதிய அந்தச் சாமானை ஒரு கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வெறுங்காலோடு ஏறினார்.

"அம்மப்பா, ஏன் சப்பாத்துக் கழட்டினீங்கள்?" என்று பேத்தி கேட்டாள்.

"வள்ளத்தில சப்பாத்தோட ஏறுறேல்லையம்மா."

யாழினி சிரித்தாள். "இது பெடலோ அப்பா!"

அவர் மிதிக்கத் தொடங்கிவிட்டார். எழுபது வயது மனிதர், நேரே அந்த மஞ்சள் மிதவையைப் பார்த்து மிதித்துக்கொண்டு போனார். நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

கெர்பர் வந்து என்னைக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு மறைத்து என்ன செய்வது? எல்லாவற்றையும் சொன்னேன். சாரத்தையும், தாயையும், "கன்போட்டுக்கோ" என்று அண்ணை என்னைக் கேட்டதையும். கெர்பர் நீட்டி நிமிர்ந்த மனிதர். அன்றைக்குப் பாலத்துக் கட்டையில் குந்திவிட்டார்.

"நாங்கள் மீன்பிடிகாரரைத்தான் குறி பார்த்துப் பழகினனாங்கள்" என்றார். "துவக்கில குண்டு ஒண்டும் இல்லை. அவையள் எங்களைக் கண்டால் கை காட்டுவினம். நாங்களும் காட்டுவம்." பிறகு, "நான் எவ்வளவு பெரிசாச் சொன்னன் அந்த மனுசனுக்கு" என்றார்.

அவரில் பிழை இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆட்கள் வந்தார்கள். கெர்பர் வழமைபோல என்ஜின், சுக்கான் எல்லாம் காட்டிக்கொண்டு சங்கிலியடிக்கு வந்தார். கையை மேலே காட்டினார். "அங்க நிண்டால்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு சொன்னார்: "அங்க நிண்டால் ஆக்கள் தெரிவினம்." அதற்குப் பிறகு ஒருநாளும் ஏரி முழுக்கத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

இந்த மாதிரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பழைய ஆயுதத்துக்கு முன்னால் நின்று ஒருவர் கேள்வி கேட்டால், அந்தரப்பட்டு, அவசரத்தில் பதில் சொல்லாதீர்கள். இரும்பின் பாரமும் என்ஜின் வேகமும் பலகையில் எழுதி இருக்கிறது. அதை அவர் தானே வாசித்துக்கொள்வார். அவர் எந்தப் பக்கத்தில் நின்று அந்த ஆயுதத்தைக் கண்டவர் என்று முதலில் பாருங்கள்.

மற்றது, சப்பாத்து விசயம். அண்ணை வந்துபோன அடுத்த நாள் காலை, பார்வையாளர் ஒருவரும் இல்லாத நேரம், பெயின்ட் வாளியோடு போனேன். பாலத்தில் கால் பழக்கத்தில் நின்றது. குனிந்து சப்பாத்துக் கயிற்றில் கையும் வைத்துவிட்டேன். பிறகு கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சப்பாத்தோடு ஏறினேன். பென்ஷன் எடுத்த நாள்வரை அப்படித்தான் ஏறினேன்.

அன்று காலை கெர்பர் கொட்டகை வாசலில் கோப்பியோடு நின்றார். இரும்புத் தட்டில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பி, என் காலைப் பார்த்தார். எத்தனை வருசம் போடு, போடு என்று கத்தியவர். ஒரு பகிடியும் விடவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரியும்.